ஏழாம் இடத்தில் நின்ற ஆள்

வேல்பாண்டி கல்யாணப் படம் எடுக்கிறவர். காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஸ்டூடியோ. "இங்குட்டுப் பாருங்க, மாப்பிள்ளை கொஞ்சம் சிரிங்க, மாமனார் நெருங்கி நில்லுங்க" என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லியே குரல் கம்மிப்போன மனுஷன். அப்படிப்பட்டவருக்குப் போன மார்கழியில், முகூர்த்தமே இல்லாத மாதத்தில், ஆளே இல்லாத படம் எடுக்கும் வேலை ஒன்று வந்து சேர்ந்தது.

வேலையைக் கொண்டுவந்தவள் சித்ரா. மதுரைப் பொண்ணு. சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறாள். கடலுக்குள் காற்றாலை நடுவது பற்றிப் பல இடங்களிலும் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். தொண்டியைச் சுற்றியுள்ள கரைக்கு அது வருமா வராதா என்பது சித்ராவுக்கே தெரியாது. வந்தால் எந்தக் கரை எவ்வளவு தாங்கும், எங்கிருந்து பார்க்கிறவர் கண்ணை எவ்வளவு உறுத்தும் என்று முன்கூட்டியே பார்த்து எழுதி வைப்பதுதான் அவள் வேலை. அதற்காகக் கரையோரம் பன்னிரண்டு இடங்களைக் குறித்து வைத்திருந்தாள். ஒவ்வோர் இடத்திலும் ஸ்டாண்டைப் போட்டு, ஆள் கண் உயரத்தில் கேமராவை நிறுத்தி, அடிவானம் கோணாமல் படம் எடுத்துத் தர வேண்டும். வானம் தெளிந்திருக்க வேண்டும். பிறகு அதே படத்தில் கம்ப்யூட்டரால் காற்றாலைகளை நட்டுப் பார்ப்பார்கள்.

சித்ராவின் கையில் எப்போதும் ஒரு தாள் இருக்கும். கரை நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா. ஏற்கெனவே டவர், உப்பளம், கம்பம் ஏதும் உண்டா. அங்கிருந்து கடலைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மார்க்கு. அதில் ஒரு கட்டம் அமைதிக்கு.

"ஆளரவமே இல்லாத இடம்னா அதுக்கு மார்க்கு ஜாஸ்திண்ணே" என்று சித்ரா விளக்கினாள். "அங்க போயி ஒண்ணை நட்டா ரொம்ப உறுத்தும்ல?"

"அப்படின்னா நம்ம வீட்டுக்கு எவ்வளவு போடுவீக மேடம்?"

வேல்பாண்டி வேடிக்கையாகத்தான் கேட்டார். சித்ரா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அவர் வீடு மானகிரியில். மனைவி யோகலட்சுமி மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள் கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டை யோகலட்சுமி ஆசைப்பட்டு இழைத்துக் கட்டினாள். தரைக்கு ஆத்தங்குடிக் கல். மூன்று படுக்கையறை. வேல்பாண்டி கூடத்திலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார். அரை ஆழாக்கு அரிசி போட்டால் ராத்திரிக்குப் போக மிஞ்சும். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்துவிட்டுக் கிளம்பினால், ஸ்டூடியோவில் யாராவது பாஸ்போர்ட் போட்டோவுக்கு வரும்வரை வாயைத் திறக்க வேண்டிய அவசியம் இருக்காது. பெண்டாட்டி வெளிநாட்டில் சம்பாதிக்க, புருஷன் வீட்டைக் காத்துக் கிடக்கிறான் என்று ஊரில் முதல் இரண்டு வருஷம் பேசினார்கள். அப்புறம் அதையும் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

அதனால் இந்தக் கடற்கரை வேலை அவருக்குப் பிடித்துப்போனது. விடியற்காலையில் வண்டியை எடுத்தால் தேவகோட்டை, திருவாடானை தாண்டித் தொண்டிக்குப் போய்விடலாம். அங்கிருந்து கரையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும்.

ஏழாம் இடத்தின் பெயர் தாழைமுனை. நாற்பது வீடு இருக்கும். அவ்வளவும் கடலை நம்பிய முஸ்லிம் குடும்பங்கள். வீடுகளுக்குப் பின்னால் மணல் ஒரு நாக்கைப் போலக் கடலுக்குள் நீண்டு கிடக்கும். அந்தப் பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்பார்கள். அலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. குளத்தைப் போலக் கிடக்கும்.

மூன்று முறை போயும் வானம் மூட்டமாகவே இருந்தது. நான்காம் முறை, ஜனவரி பத்தொன்பதாம் தேதி, முந்தின நாள் பெய்த மழையில் காற்று கழுவிவிட்டதுபோல் இருந்தது. வேல்பாண்டி ஸ்டாண்டைப் போட்டு, நிமிஷத்துக்கு ஒரு படம் தானாக விழும்படி கேமராவை முடுக்கினார். ஒரு மணி நேரம் எடுத்தால் அதில் தெளிவான ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

அந்த ஒரு மணி நேரம் அவருக்கு வேலை இல்லை. அடிவானத்தில் மட்டும் கொஞ்சம் மூட்டம் மிச்சம் இருந்தது; அது கலையட்டும் என்று சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு பேண்ட்டைக் கழற்றிவிட்டு, வண்டிப் பெட்டியில் இருந்த நீலக் கைலியைக் கட்டிக்கொண்டு, பனியனோடு முனை வரைக்கும் நடந்தார். முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். எதற்கு நின்றார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வருஷக் கணக்காகக் கேமராவைச் சுமந்ததில் பிடரியில் எப்போதும் ஒரு வலி உண்டு. இடது கையைப் பிடரியில் வைத்து அழுத்திக்கொண்டு, கடலைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றார். பின்னால் அவருடைய கேமரா நிமிஷத்துக்கு ஒரு தரம் அவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் யாரும் இல்லை.

அவர் கரையேறுவதற்குள் மேகம் திரும்பவும் கவிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது, தெளிவாக இருந்த படங்கள் எல்லாவற்றிலும் இடப்பக்க ஓரத்தில் கடுகளவுக்கு அவர் நின்றுகொண்டிருந்தார். படம் எடுக்கிறவர் படத்தில் விழக் கூடாது என்பது சித்ரா சொல்லியிருந்த விதி. இன்னொரு முறை போகலாம் என்று நினைத்தார். தை பிறந்துவிட்டது, முகூர்த்தங்கள் வரிசையாக நின்றன. அப்படியே அனுப்பி வைத்தார். "ஓரத்தில் ஒரு மீனவர் நிற்கிறார். இருக்கட்டும், தூரம் தெரிய உதவும்" என்று சித்ராவிடமிருந்து பதில் வந்தது. வேலை நேரத்தில் தண்ணீரில் போய் நின்றேன் என்று சொல்ல வேல்பாண்டிக்கு வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டார்.

பிப்ரவரிக் கடைசியில் தாழைமுனைப் பள்ளிக்கூடத்தில் ஊர்க்காரர்களைக் கூட்டிச் சித்ரா படங்களைக் காட்டினாள். வேல்பாண்டியும் போயிருந்தார். ஆள் நீளத்துக்கு அச்சடித்த இரண்டு படங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாகச் சுவரில் தொங்கின. மேலே இருப்பது இருக்கிற கடல். கீழே அதே கடலில் அடிவானத்தை ஒட்டி முப்பது காற்றாலை.

ஜமாத்தில் பெரியவரான அல்லாபிச்சை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "உணர்திறன்னு போட்டிருக்கீகளே, அப்படின்னா என்னம்மா? எங்க கரைக்கு ரோசம் இருக்கா இல்லையான்னு பாக்குறீகளா?"

கூட்டம் சிரித்தது. சித்ராவும் சிரித்துவிட்டாள். "கிட்டத்தட்ட அதேதான் பாய். எதைத் தாங்கும், எதைத் தாங்காதுன்னு பாக்குறோம்."

"கரை தாங்கிரும். அதுக்கு நடுவுல வலை விட விடுவாகளா மாட்டாகளா, அதைச் சொல்லுங்க."

அதிலிருந்து பேச்சு வலைக்கும் கேபிளுக்கும் படகுப் பாதைக்கும் போய்விட்டது. எல்லோரும் கீழ்ப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஓர் அம்மாள் மட்டும் மேல்படத்தின் இடது ஓரத்துக்குப் போய், மூக்கு உரசும் தூரத்தில் நின்றாள். ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று வயது இருக்கும். முக்காட்டை இழுத்துக் காதோரம் பிடித்திருந்தாள்.

"இந்தப் படம் எப்ப எடுத்தது?"

குரல் சத்தமாக வரவில்லை. ஆனாலும் கூட்டம் அடங்கியது. சித்ரா வேல்பாண்டியைக் கைகாட்டினாள்.

"ஜனவரி பத்தொன்பது, அக்கா" என்றார் அவர்.

"இந்த ஜனவரியா?"

"இந்த ஜனவரிதான்."

அந்த அம்மாள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "அப்ப இருக்காரு" என்றாள். "இது எங்க வீட்டு ஆளு. கழுத்துல கையை வச்சுக்கிட்டு நிக்கிறதைப் பாருங்க. இடது கை. அவரு இப்படித்தான் நிப்பாரு."

அவள் பெயர் ரஹீமா. புருஷன் கலீல் ரகுமான் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலைப்பொழுதில், தொண்டிக்குப் போய் மீனுக்கு ஐஸ் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர். திரும்பி வரவில்லை. கடலுக்குப் போயிருந்தால் கடல் கொண்டுபோனது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அவர் போனதோ பஸ்ஸில். கொஞ்ச நாளாகவே மனசு சரியில்லாமல் யாரோடும் பேசாமல் இருந்தார் என்றார்கள். ஏர்வாடியில் பார்த்தேன் என்றார் ஒருவர். கொல்லத்தில் பார்த்தேன் என்றார் இன்னொருவர். மௌத்து என்றும் சொல்ல முடியாமல், இறந்த புருஷனுக்காக நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருக்கவும் முடியாமல் ரஹீமா ஆறு வருஷத்தைத் தள்ளியிருந்தாள். இதையெல்லாம் பக்கத்தில் நின்ற யாரோ வேல்பாண்டியின் காதில் சொன்னார்கள்.

அவர் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான்தான் அது, என் கைலி, என் கழுத்து வலி என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. ரஹீமாவின் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ ஆயிரம் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்; ஒரு படத்தை இப்படிப் பார்த்த முகத்தை அவர் கண்டதில்லை. அந்த முகம் படத்தில் பார்த்துக்கொண்டிருந்தது அவரை. அந்த நினைப்புதான் அவர் வாயைக் கட்டியது. பிற்பாடு அவர் எப்படி எப்படியோ தனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாளின் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை என்று சொல்லிக்கொண்டார். அது பாதி நிஜம்தான்.

ரஹீமா அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு, அஸர் தொழுகை முடிந்த கையோடு, முதல் போன் வந்தது.

"தம்பி, அவரு எந்தப் பக்கமாப் போனாரு? நீங்க கவனிச்சீகளா?"

"இல்லக்கா. நான் கேமராக்கிட்ட இருந்தேன்."

"ரொம்ப எளைச்சிருந்தாரா?"

"தூரமா இருந்தாருக்கா. தெரியலை."

அதற்கப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் வந்தது. முதலில் படத்தைப் பற்றியே கேட்டாள். காலை மாற்றி மாற்றி வைத்து நின்றாரா என்று ஒரு நாள் கேட்டாள். வேல்பாண்டி போனைக் காதில் வைத்தபடியே எழுந்து, ஸ்டூடியோவுக்கு நடுவில் நின்று பார்த்தார். மாற்றி மாற்றித்தான் வைத்தார். "ஆமாக்கா" என்றார். மறுமுனையில் அவள் மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. போகப்போக வேறு பேச்சும் வந்தது. அவளுடைய முழங்கால் வலி. மருமகள் நாதியா வைத்த கணவாய்க் குழம்பு. பேச்சை முடிக்கும்போது "சாப்பிட்டீகளா தம்பி?" என்று தவறாமல் கேட்பாள். நாலரை மணி எந்தச் சாப்பாட்டுக்கான நேரம் என்று தெரியாது. அவர் "ஆச்சுக்கா" என்பார்.

போன் வராத நாட்களில் நாலு மணியிலிருந்தே போனை மேசைமேல் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவர் கவனித்தார். கவனித்தபோது தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. அப்போதும் போனை எடுத்து உள்ளே வைக்கவில்லை.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை விடுமுறை. யோகலட்சுமி காலையில் வீடியோவில் கூப்பிடுவாள். துணி துவைத்துக்கொண்டோ, வெங்காயம் நறுக்கிக்கொண்டோ பேசுவாள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வேல்பாண்டி தாழைமுனைப் படத்தை அவளுக்கு முன்னதாகவே அனுப்பி வைத்திருந்தார்.

"படம் பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். நல்லா இருக்கு. எந்த ஊரு?"

"தொண்டிப் பக்கம். அதுல ஓரத்துல ஒரு ஆளு நிக்கிறது தெரியுதா?"

"யாரோ மீன்காரரு மாதிரி இருக்கு. ஏன், தெரிஞ்ச ஆளா?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்றார்.

அவள் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தாகிவிட்டதா என்று கேட்டாள். செய்தாகிவிட்டது என்றார். மகளுக்கும் அதே படம் போயிருந்தது. அவள் ஒரு கட்டைவிரலை அனுப்பியிருந்தாள்.

மூன்றாம் வாரம் ரஹீமா கூப்பிட்டபோது குரலில் ஒரு பரபரப்பு இருந்தது. சார்ஜாவில் இருக்கும் மகன் லீவு சொல்லிவிட்டானாம். டிக்கெட்டும் போட்டாயிற்றாம். அவனும் ரஹீமாவின் தம்பியும் நாகூர் வரைக்கும் ஊர் ஊராகத் தேடப் போகிறார்கள். ஒட்டுவதற்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும். "அந்தப் படத்துல அவரை மட்டும் பெருசாக்கிக் குடுங்க தம்பி. வியாழக்கிழமை நானும் மருமகளும் காரைக்குடிக்கு வாரோம்."

வேல்பாண்டி "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இருவரும் வந்தார்கள். மாடிப்படி ஏறிய வலியில் ரஹீமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாதியாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு தூக்குப்பாத்திரம். "மாமி உங்களுக்காக எறால் பொரிச்சுக் கொண்டாந்திருக்காக" என்று மேசைமேல் வைத்தாள்.

அவர் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். ஓரத்தைப் பெரிதாக்கினார். கைலி நீலமாகத் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினார். தலை, கை, தண்ணீர் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்தன. இன்னும் பெரிதாக்கியபோது கட்டங்கள் மட்டும்தான் இருந்தன, ஆள் இல்லை.

"கொஞ்சம் சின்னதாக்குங்க" என்றாள் ரஹீமா. சின்னதாக்கியதும் ஆள் திரும்ப வந்தார். அவள் விரலால் திரையைத் தொட்டாள்.

"அக்கா" என்றார் வேல்பாண்டி. "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அது அவரில்லை."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாந்தான் அது. கேமரா தானா எடுத்துக்கிட்டிருந்துச்சு. நான் போயித் தண்ணியில நின்னேன். எனக்குக் கழுத்து வலி, அதான் கையை வச்சிருந்தேன்."

நாதியாதான் முதலில் பேசினாள். "அன்னைக்கே ஏன் சொல்லலை? மூணு வாரமா மாமி உங்ககூடப் பேசிக்கிட்டே இருக்காகளே! எங்க வீட்டுக்காரரு சார்ஜாவுல முதலாளி கால்ல விழுந்து லீவு வாங்கியிருக்காரு. நீங்கள்லாம் மனுஷரா?"

வேல்பாண்டி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்துகொண்டார்.

ரஹீமா மருமகளின் கையைப் பிடித்து அமர்த்தினாள். "எந்திரிச்சு நில்லுங்க" என்றாள் அவரிடம்.

அவர் எழுந்து நின்றார்.

"அங்குட்டுத் திரும்புங்க. கையை வைங்க."

சுவரைப் பார்த்துத் திரும்பி, இடது கையைப் பிடரியில் வைத்துக்கொண்டு நின்றார். கல்யாணக் கூட்டங்களில் எத்தனை பேரை அப்படித் திருப்பி நிறுத்தியிருப்பார். முதுகுக்குப் பின்னால் காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆமா" என்றாள் ரஹீமா கடைசியில். "நீங்கதான்."

அவர் திரும்பியபோது அவள் அழவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "ஆறு வருஷமாக் கதவைத் தாப்பாப் போடாமப் படுத்திருந்தேன் தம்பி. அவரு வந்தா தட்டாம வரட்டும்னு. படத்தைப் பாத்த பெறகு, எங்கயோ இருக்காரு, வந்தா தட்டுவாருன்னு தெம்பாயி, இந்த மூணு வாரம் தாப்பாப் போட்டுத் தூங்குனேன். இப்ப அதையும் எடுத்துக்கிட்டீகளே."

"மன்னிச்சிருங்கக்கா."

அவள் எழுந்தாள். மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். தூக்குப்பாத்திரம் மேசைமேலேயே இருந்தது. அவர் மாடியிலிருந்து கூப்பிட்டதற்கு நாதியா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கே சித்ராவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். சித்ரா கோபப்பட்டாள். அந்தப் படத்தை அறிக்கையில் வைக்க முடியாது, ஏழாம் இடத்தைத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "ஏண்ணே அப்பவே சொல்லலை?" என்று கேட்டாள்.

"தெரியலை மேடம்" என்றார். தெரியும். ஆனால் அதை இன்னொரு மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நாலரை மணிப் போன் நின்றுபோனது. அந்த நேரம் ஸ்டூடியோவில் இருப்புக் கொள்ளாமல், கீழே இறங்கி மருந்துக்கடைக்காரரோடு நின்று பேசப் பார்த்தார். கடைக்காரர் சீட்டுகளைப் பார்ப்பதிலும் மாத்திரை எண்ணுவதிலும் இருந்தார்.

பங்குனியில் ஒரு கோடைமழை பெய்து வானம் தெளிந்த மறுநாள், சித்ராவும் அவரும் தாழைமுனைக்குப் போனார்கள். கடலைப் பார்த்த வீடுகளில் இருக்கிறவர்களிடம் கருத்துக் கேட்டு எழுத வேண்டியது சித்ராவுக்குப் பாக்கி இருந்தது. அவள் வீடு வீடாகப் போனாள். வேல்பாண்டி வீடுகள் பக்கமே போகாமல், ஸ்டாண்டைப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார். கழுவி வைத்திருந்த தூக்குப்பாத்திரத்தைச் சித்ராவிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துச் சித்ரா வந்தாள். மணலில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினாள்.

"அந்த அம்மாவும் பேசுனாங்கண்ணே. மகன் வந்துட்டுப் போனாராம்."

"வந்தாரா?"

"லீவு போட்டாச்சு, டிக்கெட்டும் எடுத்தாச்சுன்னு வந்துட்டாராம். தேடல்லாம் போகலை. பதினஞ்சு நாள் வீட்டுல இருந்துட்டுப் போயிருக்காரு. மூணு வருஷம் கழிச்சு வந்தாராம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிச்சாங்க."

வேல்பாண்டி லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "காத்தாலை பத்தி என்ன சொன்னாக?"

"ஊர்ல எல்லாரும் வேணாம்ங்கிறாங்க. வலை போயிரும்ங்கிற பயம். அவங்க மட்டும் வேற மாதிரி சொன்னாங்க. அப்படியே எழுதியிருக்கேன்." சித்ரா தாளைப் பார்த்து வாசித்தாள்: "'வெறுங்கடலை ஆறு வருஷமாப் பாத்துட்டேன். அதுல பாக்க என்ன இருக்கு? நட்டா நட்டுட்டுப் போகட்டும். அதுல வெளக்கு எரியும்ல, வேலைக்கு ஆளு வந்து போகும்ல. அங்க யாரோ இருக்காகன்னு இருக்கும்.'"

வேல்பாண்டி துடைத்த லென்ஸையே திரும்பவும் துடைத்தார்.

"இந்த இடத்துக்கு அமைதியில எவ்வளவு போட்டீக மேடம்?"

"அஞ்சு."

"இப்ப?"

சித்ரா யோசித்தாள். "அஞ்சுதாண்ணே. மார்க்கு கரைக்குத்தானே. அவங்க சொன்னதுக்கு இதுல கட்டம் இல்லை. தனிப் பக்கமா வச்சு அனுப்புறேன். படிக்கிறவங்க படிக்கட்டும்."

அன்றைக்கு எடுத்த படத்தில் யாரும் இல்லை. மணல், தண்ணீர், வானம், அடிவானத்தில் ஒரு கோடு. அறிக்கையில் அந்தப் படம்தான் போனது. தாழைமுனைக்கு மிக அதிக உணர்திறன் என்று எழுதியிருப்பதாகவும், பன்னிரண்டில் இதுதான் முதலிடம் என்றும் சித்ரா பிறகு தகவல் சொன்னாள். காற்றாலை பற்றி அதற்குமேல் ஒரு செய்தியும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை யோகலட்சுமி கூப்பிட்டபோது, வேல்பாண்டி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு ஒரு கடல் படம் அனுப்புனேன்ல. அதுல நின்னது நாந்தான்" என்றார்.

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "நெசமாவா? நீங்களா? கைலி கட்டிக்கிட்டா? எனக்குத் தெரியவே இல்லையே." போனைக் கிட்டத்தில் கொண்டுவந்து அவரையே பார்த்தாள். "ரொம்ப எளைச்சுட்டீகளோ? போனை நேராப் பிடிங்க, எப்பப் பாத்தாலும் நெத்திதான் தெரியுது."

அவர் நேராகப் பிடித்தார்.

"ஏங்க தண்ணியில போயி நின்னீக?"

"சும்மாதான்."

"சும்மா யாராச்சும் நிப்பாகளா?"

ரஹீமாவைப் பற்றி எங்கிருந்து ஆரம்பிப்பது, எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியவில்லை. மறுமுனையில் அவளோடு அறையில் தங்கியிருப்பவள் எதற்கோ கூப்பிடும் குரல் கேட்டது. யோகலட்சுமி திரும்பி, "நீ போ, வாரேன்" என்றாள். போகாமல் உட்கார்ந்திருந்தாள்.